இறக்கத்தில் வகுப்பு

மோட்டார் முட்டி பொருத்திக்கொண்டவர்கள் மேடு ஏறலாம், இறங்கக்கூடாது என்ற நீதிமன்ற உத்தரவு கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தபோது, சிவபாக்கியம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் உச்சியில் இருந்தாள்.

செய்தி கைப்பேசியில்தான் வந்தது. 'இன்று மதியம் உங்கள் முட்டியின் மென்பொருளில் ஒரு மாற்றம் செய்யப்படும். அதற்குள் தயவுசெய்து சமதரைக்கு வந்துவிடவும்' என்று இருந்தது. அவள் சுற்றிலும் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமதரை இல்லை. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் தடுப்பூசிக்குக் காத்திருந்தார்கள். அவள் ஊசி போட ஆரம்பித்தாள்.

சிவபாக்கியம் கிராம சுகாதாரச் செவிலியர். மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் லைன் வீடுகளுக்கு நடந்து போய்க் கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் பார்ப்பது அவள் வேலை. அதில் பாதி ஏற்றம், பாதி இறக்கம். முந்திய ஆண்டு மழையில் மண் சரிந்து ஜீப்போடு புதைந்தபோது அவளுடைய இடது கால் தொடையோடு போயிற்று. இனி அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பு பார்க்கலாம் என்று மேலதிகாரி அன்பாகத்தான் சொன்னார். கோப்பு பார்த்தால் தூக்கம் வரும் என்று சொல்லிவிட்டு, அரசுக் காப்பீட்டில் கிடைத்த மோட்டார் முட்டியைப் பொருத்திக்கொண்டு அவள் மறுபடியும் மலையேறினாள்.

அந்த முட்டி கோயம்புத்தூரில் செய்தது. தண்ணீர் பம்புக்கு மோட்டார் கட்டிப் பழகிய கைகள் செய்ததால் கொஞ்சம் கனம். நடக்கும்போது மெல்லிய உறுமல் கேட்கும். அதற்குள் இருந்த மென்பொருளின் பெயர் 'நடை'. ஊதியம் இல்லாமல் சிலர் கூடி எழுதிய கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். அதனால்தான் முட்டியை அரசு மருத்துவமனையில் கொடுக்க முடிந்தது. சரிவில் கால் வைக்கும் முன்பே தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று கணித்து, முட்டி தன்னை இறுக்கிக்கொள்ளும். சிவபாக்கியத்துக்கு அது ஒரு நாளும் விசேஷமாகத் தோன்றவில்லை. போன காலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

மதியம் கடந்த பிறகு அவள் இறங்கினாள். இரண்டாவது எட்டில் முட்டி துணிபோல மடிந்தது. தேயிலைச் செடிகள் அவளைத் தாங்கிக்கொண்டன. முதலில் தடுப்பூசிப் பெட்டியைத் திறந்து பார்த்தாள், பிறகு தன் முழங்கையைப் பார்த்தாள். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அங்கேயே உட்கார்ந்து பல விதமாக முயன்று பார்த்ததில் ஒரு வழி தெரிந்தது. சரிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினால் முட்டி மடியவில்லை. அதை அது ஏற்றம் என்று நினைத்துக்கொண்டது. அன்று அவள் சாலைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

அந்த வாரமே ஹபீப் கோத்தகிரிக்கு வந்தான். பகலில் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை, மற்ற நேரமெல்லாம் 'நடை' என்று இருப்பவன். முட்டி பொருத்திய நாளில் அவளுக்கு நடை பழக்கியவன் அவன்தான். சுகாதார நிலையத்து வராந்தாவில், அவள் கொடுத்த தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"இறங்குற பகுதியை நான்தாங்க்கா எடுத்தேன்," என்றான். "அந்தப் பகுதியை எழுதினதும் நான்தான்."

"கேஸ் போட்ட அந்த முட்டிக் கம்பெனிக்காரங்க எழுதினதைப் பாத்து எழுதினீங்களா தம்பி?"

"ஒரு வரிகூட இல்லைங்க. அவங்க எழுதினதை அவங்களைத் தவிர யாரும் பாத்ததில்லை. பாத்து எழுதினா அது வேற கேஸ். இது பேட்டன்ட். யோசனையே அவங்களுது. நாமளா தனியா உக்காந்து யோசிச்சாலும் அவங்களுதுதான்."

"இறங்குறதே அவங்களுதா?"

"கால் படுறதுக்கு முன்னாடி கணக்குப் போட்டு முட்டியை இறுக்கறது அவங்களுது. இன்னும் பல வருஷத்துக்கு."

"ஏறுறது?"

"அது பழசுங்க்கா. அதோட பேட்டன்ட் காலாவதியாயிருச்சு."

உத்தரவை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்று சிவபாக்கியம் கேட்டாள். முட்டி செய்யும் பட்டறைக்குச் சீல் வைப்பார்கள், அப்புறம் முட்டி பழுதானால் பார்க்க ஆள் இருக்காது என்றான். கம்பெனியின் முட்டியை வாங்கினால்? அதற்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும், கட்டத் தவறினால் அது நின்ற இடத்திலேயே நின்றுவிடும் என்றான். மென்பொருள் யோசனைக்கெல்லாம் முன்பு இந்த நாட்டில் யாரும் உரிமை கொண்டாட முடியாது, வெளிநாடுகளோடு வணிக ஒப்பந்தம் போட்டபோது அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள் என்றான்.

"அப்ப நாங்க கோயமுத்தூர்ல ரோட்டுல நின்னு கத்துனோம்ங்க. நோட்டீஸ் குடுத்தோம். எல்லாரும் வாங்கிட்டாங்க, படிக்கலை. நீங்ககூட ஒரு தடவை அந்தப் பக்கம் வந்திருப்பீங்க."

"வந்திருப்பேன்," என்றாள் சிவபாக்கியம். "எனக்கு அப்ப ரெண்டு காலும் இருந்துச்சு."

வழியைக் கண்டுபிடித்தது 'நடை' எழுதிய குழுவுக்காகக் கூலி வாங்காமல் வாதாடிய வழக்கறிஞர். சட்டத்தில் ஒரு மூலையில், பேட்டன்ட் உள்ள முறையை மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காகப் பயன்படுத்தினால் அது மீறல் ஆகாது என்று இருந்தது. அடுத்த மாதமே கோயம்புத்தூரில் ஒரு நகராட்சிப் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆரம்பமாயிற்று. மோட்டார் முட்டி நிரல் எழுதும் சான்றிதழ்ப் படிப்பு. முட்டி வைத்திருந்த அத்தனை பேரும் சேர்ந்தார்கள். பயிற்சிக் கருவியாக ஒவ்வொருவருக்கும் அவரவர் முட்டியே வழங்கப்பட்டது, இறங்கும் பகுதியோடு.

பெரும்பாலானோர் வருகைப் பதிவுக்காக வந்தார்கள். பின்வரிசையில் ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் வாராவாரம் அயர்ந்து தூங்கினார். சிவபாக்கியத்துக்கு மட்டும் பாடத்தின்மேல் ஆர்வம் வந்துவிட்டது. முதல் நாள் ஹபீப் நிரலைத் திரையில் காட்டியபோது, தன் உடம்பின் ஒரு பாகம் எழுத்தாக ஓடுவதைப் பார்த்து அவள் முன்வரிசைக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். பேருந்தில் மலையேறும்போது அச்செடுத்த தாள்களை மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். பாதிக்கு மேல் புரியவில்லை. புரியாததை வட்டமிட்டு வைத்து ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். ஹபீப் சிலவற்றுக்குப் பதில் சொன்னான். சிலவற்றை வீட்டுக்கு எடுத்துப் போனான்.

யாரும் தேர்ச்சி பெறவில்லை. பெறக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. தேர்ச்சி பெற்றால் மாணவர் இல்லை, மாணவர் இல்லையென்றால் இறக்கம் இல்லை. முதல் தேர்வில் அத்தனை பேரும் ஒழுங்காகத் தோற்று, ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு, படி இறங்கி வீட்டுக்குப் போனார்கள்.

கம்பெனி இதையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிற்று. படிப்பு என்று ஒன்று இருந்தால் அதை யாராவது முடிக்க வேண்டாமா என்று அவர்களுடைய வழக்கறிஞர் கேட்டார். நியாயமான கேள்வி என்று நீதிபதிக்குப் பட்டது. ரோஸ்லின் என்ற பெண் வழக்கறிஞரை ஆணையராக நியமித்தார். அடுத்த தேர்வை அவர் நடத்துவார், தாள்களை வேறு கல்லூரியில் திருத்துவார்கள். ஒருவர்கூடத் தேர்ச்சி பெறாவிட்டால் படிப்பு வெறும் நாடகம் என்று கொண்டு மூடிவிடலாம் என்பது உத்தரவு.

ஆக, யாராவது ஒருவர் தேற வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பாடம் நடக்கவில்லை. யாருக்கு இறக்கம் குறைவு என்ற பேச்சுத்தான் நடந்தது. மாடிவீட்டுக்காரர் ஒருவர் தான் கீழ்த்தளத்துக்கு மாறிவிடுவதாகச் சொன்னார். அவர் மனைவி வேண்டாம் என்றார். நடத்துநர் விழித்துக்கொண்டு, பேருந்தில் ஏறாமல் இருந்தால் இறங்க வேண்டியதில்லை, ஆனால் அது ஒரு வாழ்க்கையா என்றார். கடைசியில் வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளி கலியபெருமாள் எழுந்து நின்றார்.

"நான் பாஸ் பண்ணிடறேன்," என்றார். "எங்க ஊர்ல இறங்கணும்னா கடலுக்குள்ளதான் இறங்கணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். அதற்கப்புறம் கலியபெருமாளைத் தேற வைப்பது வகுப்பின் வேலையாயிற்று. ஹபீப் இரவலாக ஒரு கணினி வாங்கிக் கொடுத்தான். சிவபாக்கியம் தினமும் கைப்பேசியில் அழைத்துப் பாடம் சொன்னாள். அவர் மனசார உழைத்தார். உப்பு வாரிக் காய்ந்த கையால் எழுதி எழுதிப் பார்த்தார். ஆனால் ஒரு நாள் ஏறிய பாடம் மறுநாள் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. "எனக்காக நீங்க இவ்வளவு கஷ்டப்படறீங்களே நர்ஸம்மா," என்று வருத்தப்பட்டார். யாருக்காக யார் கஷ்டப்படுகிறார்கள் என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

தேர்வு நாளில் ரோஸ்லின் மேசைக்கு மேசை நடந்துகொண்டிருந்தார். சிவபாக்கியம் எல்லாக் கேள்விக்கும் தவறான விடையை யோசித்து எழுதினாள். சரியானது தெரிந்திருக்கும்போது தவறாக எழுதுவது சிரமமாக இருந்தது. 'தரை எதிர்பார்த்ததைவிடக் கீழே இருந்தால் முட்டி என்ன செய்ய வேண்டும்? விளக்குக' என்ற கேள்விக்கு, 'ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும்' என்று எழுதி முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

பக்கத்து வரிசையில் கலியபெருமாள் பேனாவை மூடி வைத்திருந்தார். தாளில் அவருடைய பெயரும் எண்ணும் இருந்தன. அதற்குக் கீழே முதல் கேள்வியை அப்படியே அழகாகப் பார்த்து எழுதியிருந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

சிவபாக்கியம் தன் தாளைப் பார்த்தாள். அவள் பார்க்க வேண்டிய வீடுகள் ஒவ்வொன்றாக மனதில் வந்தன. எல்லாம் பள்ளத்தில் இருந்தன. வேறு யாராவது எழுதியிருப்பார்களா என்று அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். நடத்துநர் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் எழுதியதையெல்லாம் குறுக்கே அடித்தாள். கூடுதல் தாள் கேட்டாள்.

முடிவு வந்தபோது தேர்ச்சி பெற்றது அவள் ஒருத்திதான், அதுவும் மயிரிழையில். ரோஸ்லின் தன் அறிக்கையில் படிப்பு உண்மையானதே என்றும், தரம் சற்றுக் கடுமையாக இருப்பதாகவும் குறிப்பிட்டிருந்தார். கம்பெனி வழக்கறிஞருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மற்ற எல்லோருக்கும் இறக்கம் நிலைத்தது.

அவளுடைய முட்டியிலிருந்து அந்தப் பகுதியை எடுக்க ஹபீப் மறுபடியும் மலையேறி வந்தான். பையைத் திறக்கவே அவனுக்குக் கை வரவில்லை. சிவபாக்கியம் அவனுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, காலையிலேயே தானே எடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

"படிச்சிருக்கேன்ல தம்பி," என்றாள்.

அந்தப் பனிக்காலம் முழுக்க அவள் பின்பக்கமாக இறங்கினாள். வரும்போது லைன் வீட்டுக்காரர்களுக்கு முதலில் அவள் முதுகுதான் தெரியும். நாய்களுக்கு அது பிடிக்கவில்லை. பெண்கள் கீழிருந்தே கல் இருக்கிறது, குழி இருக்கிறது என்று குரல் கொடுக்கப் பழகினார்கள். கேலி செய்தவர்களும் உண்டு. அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

தை மாதத்தில் மாரியாயி என்ற பெண்ணுக்கு மாதம் நிறையுமுன்பே உதிரப்போக்கு என்று ஆள் வந்தது. சிவபாக்கியம் உடனே கிளம்பினாள். பாதை பனியில் வழுக்கியது. பின்பக்கமாக ஒவ்வொரு எட்டாகத் துழாவி இறங்கினாள். வீடு கண்ணுக்குத் தெரிந்தது. வெகுநேரம் ஆகியும் போய்ச் சேர முடியவில்லை. சேர்ந்தபோது தாயைக் காப்பாற்ற நேரம் இருந்தது. குழந்தைக்கு இல்லை. சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டால் மருத்துவர்களே உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். மாரியாயி கேட்கவில்லை. சிவபாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இறங்குனதைப் பாத்துக்கிட்டே இருந்தேன் சிஸ்டர்," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் சிவபாக்கியம் ஹபீபை அழைத்தாள்.

"கத்துக்குடுக்கறதுக்காகப் பயன்படுத்தலாம்னுதானே அந்தச் சட்டம் சொல்லுது?"

"ஆமாங்க்கா."

"கத்துக்கிறவங்களைப் பத்தி மட்டும்தான் நாம யோசிச்சோம். கத்துக்குடுக்கிறவங்க?"

வழக்கறிஞரைக் கேட்டுச் சொல்வதாக ஹபீப் சொன்னான்.

வழக்கறிஞர் இரண்டு நாள் யோசித்தார். சட்டத்தில் தடை இல்லை, ஆனால் நிபந்தனைகள் உண்டு என்றார். ஆசிரியர் கற்பிக்கும் நேரத்தில் மட்டுமே அந்தப் பகுதி வேலை செய்யலாம். கூடவே ஒரு மாணவர் இருக்க வேண்டும். பாடம் உண்மையாகவே சொல்லப்பட வேண்டும். மாணவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். கற்பிப்பது நான்கு சுவருக்குள் நடக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. படித்துத் தேறியவர் அவள் ஒருத்தியே என்பதால் ஆசிரியர் தகுதிக்குப் போட்டியும் இல்லை.

சிவபாக்கியம் அந்தப் படிப்புக்குப் புதிதாகத் தொடங்கிய நீலகிரிக் கிளையின் ஆசிரியர் ஆனாள். ஹபீப் இறங்கும் பகுதியை மறுபடி ஏற்றி, முட்டியில் ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தான்; வகுப்பு தொடங்கும்போது அழுத்த வேண்டும், முடிந்ததும் மறுபடி அழுத்த வேண்டும். வழக்கமான மாணவி அங்கன்வாடிப் பணியாளர் ஜெபமணி. இருவரும் சேர்ந்தே இறங்குவார்கள். சிவபாக்கியம் பாடம் சொல்லிக்கொண்டே நடப்பாள், ஜெபமணி முறுக்கு தின்றுகொண்டே கேட்பாள். கம்பெனி ஓர் ஆளை அனுப்பிப் பார்த்தது. வகுப்பறை எங்கே என்று அவர் கேட்டதற்கு, நின்றுகொண்டிருப்பதே அதில்தான் என்று ஜெபமணி சொன்னாள். அவர் சரிவில் அவர்களோடு கூடவே இறங்கி ஒரு முழுப் பாடத்தையும் கேட்டார். எழுதிக்கொண்டு போனார். அதன்பின் எந்த நோட்டீஸும் வரவில்லை. ஆனால் ஜெபமணி வராத நாளில் சிவபாக்கியம் பழையபடி முதுகைக் காட்டித்தான் இறங்கினாள். யாரும் பார்க்கவில்லை என்பதற்காகப் பொத்தானை அழுத்தவில்லை. ஒரு முறை பிடிபட்டால் மற்ற எல்லோருடைய இறக்கமும் போய்விடும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் முற்பகல், ஜெபமணி ஊருக்குப் போயிருந்தபோது, தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் இளைஞன் நனைந்துபோய் சுகாதார நிலையத்துக்கு ஓடிவந்தான். மனைவிக்கு வலி எடுத்துவிட்டது, சாலையில் மரம் விழுந்து ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் நிற்கிறது என்றான். வீடு பள்ளத்தில், ஓடைக்கு மேலே.

சிவபாக்கியம் பையை எடுத்து அவனிடம் கொடுத்தாள். சரிவு தொடங்கும் இடத்தில் நின்றாள்.

"இந்த முட்டி எப்படி வேலை செய்யுதுன்னு படிக்க விரும்புறீங்களா?" என்று கேட்டாள்.

அவன் அவளையே பார்த்தான். "சிஸ்டர், அவளுக்கு வலி வந்திருச்சு."

"தெரியுது. படிக்க விரும்புறீங்களா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், முட்டியைப் பார்த்தான். "விரும்புறேன்," என்றான்.

அவள் பொத்தானை அழுத்தினாள். முட்டி உறுமியது. இருவரும் இறங்கினார்கள்.

"கால் தூக்குனதும் முட்டி முதல்ல சரிவைப் பாக்குது," என்றாள் சிவபாக்கியம், மழைக்கு மேலே குரலை உயர்த்தி. "போன எட்டு எவ்வளவு கீழ போச்சுன்னு ஞாபகம் வெச்சிருக்கும். புரியுதா?"

"புரியுது சிஸ்டர்."

"அதை வெச்சு அடுத்த எட்டு எங்க படும்னு கணிக்குது. கணிச்சது தப்பாவும் இருக்கலாம். அதனால கொஞ்சம் முன்னாடியே இறுக்கும். எதுக்கு முன்னாடியே?"

அவன் திரும்பிப் பார்த்தான். மூச்சு வாங்கியது. "விழாம இருக்க."

"சரிதான்."

அவள் எதையும் சுருக்கவில்லை. பாதி வழியில் கணக்கையும் சொன்னாள். கீழே அவன் மனைவியின் அலறல் கேட்டபோது அவன் ஓடப் பார்த்தான். பக்கத்திலேயே வரும்படி கண்டிப்பாகச் சொல்லி, மிச்சத்தையும் சொல்லிக்கொண்டே வேகமாக நடந்தாள். இவ்வளவு வேகமாக அவள் எந்த வகுப்பும் எடுத்ததில்லை. வாசலில் கால் வைத்ததும் பொத்தானை அழுத்தி வகுப்பை முடித்தாள். கை கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

குழந்தை கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிக்கொண்டு வந்தது. அவள் விரலை விட்டு எடுத்தாள். கொஞ்சம் தாமதித்துத்தான் அழுதது, ஆனால் நன்றாக அழுதது. பெண் குழந்தை. தாயைத் துடைத்துப் படுக்க வைத்து, குழந்தையை மார்பில் போட்டுவிட்டு வெளியே வந்தபோது அவன் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இருவரும் நலம் என்று சொன்னாள். அவன் தலையை ஆட்டினான்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து பையிலிருந்து பதிவேட்டை எடுத்தாள். ஈரம் படாமல் மடியில் விரித்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

"பேரு சொல்லுங்க," என்றாள்.

"இன்னும் வைக்கலை சிஸ்டர்."

"குழந்தை பேரு இல்லை. உங்க பேரு. மாணவர் பேரு எழுதணும்."

"முத்துலிங்கம்," என்றான்.

அவள் எழுதினாள். அவன் எட்டிப் பார்த்துத் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று படித்தான். ரொம்ப நாளாகப் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் பெயர் வராதவன் மாதிரி, இன்னொரு முறையும் படித்தான்.

"அடுத்த வகுப்பு எப்ப சிஸ்டர்?"

"நாளைக்குக் காலையில," என்றாள் சிவபாக்கியம். "புள்ளைய எடை போட வரணும். மேல வந்து கூட்டிக்கிட்டுப் போங்க."